ஸ்ரீபெரும்புதூர் டு ரிச்சி ஸ்ட்ரீட்: கேமிங் கம்ப்யூட்டருக்காக ஒரு 40 கிலோமீட்டர் பயணம்

காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், பொழுது விடியும் முன்பே சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை சாலையை நிறைத்துவிடுகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காதில் ஹெட்போன். பஸ் வரும் வரை செல்போனில் ஒரு ஆட்டம் ஆடி முடிக்கும் இளைஞர்கள் ஒருபக்கம். நேற்று இரவு பார்த்த வீடியோவைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கும் பெண்கள் இன்னொரு பக்கம். டீக்கடையில் தமிழ், இந்தி, ஒடியா என மூன்று மொழிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன.

இந்தச் சாலையில்தான் கம்ப்யூட்டர்கள் பிறக்கின்றன. டெல் நிறுவனம் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. ஃப்ளெக்ஸ் ஆலையில் ஹெச்பி நிறுவனத்தின் மேசைக் கம்ப்யூட்டர்களும் லேப்டாப்களும் தயாராகின்றன. சுங்குவார்சத்திரத்தின் ஃபாக்ஸ்கானில் இருந்து ஐபோன்கள் உலகம் முழுக்கப் போகின்றன.

ஆனால், இதே ஊரில் தங்கி வேலை பார்க்கும் ஒருவர், தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கேமிங் கம்ப்யூட்டரைச் சேர்த்துக்கொள்ள நினைத்தால், ஒரு கிராஃபிக்ஸ் கார்டைத் தேடி சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கிறது ரிச்சி ஸ்ட்ரீட். ஆலையில் பெட்டி தயாராகிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்குவதற்கோ தெருவுக்குத்தான் போக வேண்டும்.

ராமானுஜர் ஊரும் கைபேசி ஊரும்

ஸ்ரீபெரும்புதூருக்கு முதல் பெருமை ஆலைகளால் வந்ததல்ல. 1017-ல் ராமானுஜர் அவதரித்த தலம் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றியே பழைய ஊர் வளர்ந்திருக்கிறது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இங்கேதான். நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள நினைவிடத்துக்கு இன்றும் வெளியூர்க்காரர்கள் வந்து போகிறார்கள்.

1990-களின் கடைசியில் ஊரின் முகம் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அப்புறம் நோக்கியா, சாம்சங், டெல் என வரிசையாக வந்தன. தெற்கே ஒரகடத்தில் ரெனோ நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகியவை இடம் பிடித்தன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்ரோட்டில் இப்போது புதுக் காரும் லாரியும் ஏற்றிய நீள டிரெய்லர்களுக்கு வழிவிட்டுத்தான் டூவீலர் நகர வேண்டும்.

இந்த வளர்ச்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பின்னர் அந்த இடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கி, சார்ஜர் தயாரிப்பைத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்துவிட்டது. ஆனால், ஒரே கம்பெனியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்ற பாடத்தை அந்த நாள்கள் இந்தப் பகுதிக்குக் கற்றுக்கொடுத்தன.

அதனால்தான் இங்கே கேமிங் கம்ப்யூட்டர் என்பது வெறும் பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்லை. வாரநாளில் ஷிஃப்ட், முகூர்த்த நாளில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் நண்பர்களோடு ஒரு ஆட்டம் என்று வாழ நினைக்கும் ஒருவருக்கு அந்தப் பெட்டி இரண்டாவது வருமானம். பல மாதம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம். ஒரு பாகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சீட்டு விழும் வரை காத்திருக்க வேண்டும்.

விடுதி அறையில் பிறந்த வியாபாரம்

ஆளுக்கு ஏற்ற மாதிரி கம்ப்யூட்டர் செய்து தரும் பழக்கத்துக்கும் இந்தச் சாலைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயது மைக்கேல் டெல், விடுதி அறையில் இருந்தபடியே கம்ப்யூட்டர்களை மேம்படுத்தி விற்கத் தொடங்கினார். முதலீடு 1,000 டாலர். வாங்குகிறவர் என்ன வேண்டும் என்று சொல்ல, அதற்கேற்ப பாகங்களைப் பொருத்தி அனுப்புவதுதான் அவர் வியாபாரம். கடையில் அடுக்கி வைத்து விற்கும் வழக்கத்துக்கு அது நேர் எதிரானது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நிறுவனம்தான் 23 வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது.

ஆலைக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் வீட்டு மேசையில் நடக்க வேண்டியதும் புரிந்துவிடும். மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் தாங்கும் கேபினெட். இவை ஒன்றோடு ஒன்று வரிசையாகச் சேர்கின்றன. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைத் தாக்காமல் இருக்க, எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் தொழிலாளர்கள் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதைத் தரையோடு இணைத்திருப்பார்கள். ஸ்க்ரூவை அளவான விசையில் முடுக்குவார்கள். பெட்டியில் போடும் முன் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். இந்தப் பகுதியில் பல இளைஞர்களுக்கு இது தினசரி வேலை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டுவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை.

ஆலையில் எந்தப் பாகம் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வாங்கும்போது அந்த முடிவு வாங்குகிறவர் தலையில் விழுகிறது. சிரமம் முழுக்க அங்கேதான்.

சுங்குவார்சத்திரத்தில் இருந்து தைவான் வரை

பாகங்களை ஏன் இங்கேயே வாங்க முடியவில்லை? ஒரு கம்ப்யூட்டரின் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் சிப்களுக்குப் போகிறது. ஏஎம்டி பிராசஸர்களின் முக்கியமான சிப்புகளையும், என்விடியாவின் இன்றைய கிராஃபிக்ஸ் சிப்புகளையும் தயாரிப்பது தைவானின் டிஎஸ்எம்சி. 1987-ல் தொடங்கிய நிறுவனம் அது. மதர்போர்டுகளில் பேர் வாங்கிய ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் மூன்றும் தைவான் நிறுவனங்கள். சுங்குவார்சத்திரத்தில் ஆலை நடத்தும் ஃபாக்ஸ்கானின் தாய்வீடும் தைவான்தான். 1974-ல் டிவி பெட்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்து தொழிலைத் தொடங்கிய நிறுவனம் இது.

ரேம் சிப்களுக்குத் தென் கொரியா. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டும் அங்கே. ஸ்ரீபெரும்புதூரிலும் சாம்சங் ஆலை இருக்கிறது. ஆனால், இங்கே தயாராவது டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். ரேம் சிப் இல்லை.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2023 மே மாதத்தில் கம்ப்யூட்டர் வன்பொருள் உற்பத்திக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வரும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் அசெம்பிளி வேகம் பிடித்தது. 2025 ஜனவரியில் தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில், சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனம் எம்எஸ்ஐ லேப்டாப்களைத் தயாரிக்கும் பிரிவைத் தொடங்கியது. முழுப் பெட்டி இங்கே தயாராகிறது. தனியாக விற்கும் கிராஃபிக்ஸ் கார்டும் மதர்போர்டும் பெரும்பாலும் இன்னும் கப்பலிலும் விமானத்திலும்தான் வருகின்றன. அவை கடைசியில் வந்து சேரும் இடம் ரிச்சி ஸ்ட்ரீட்.

கிளம்பும் முன் ஒரு தாள்

பஸ் ஏறும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது. இந்தத் தாள் இல்லாமல் போனால், கடைக்காரர் கையில் என்ன ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் நம் தேவை ஆகிவிடும்.

முதலாவது, என்ன விளையாட்டு? வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற ஆட்டங்களுக்குச் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டே போதும். ஜிடிஏ, சைபர்பங்க் போன்ற பெரிய உலகம் கொண்ட ஆட்டங்களுக்கு பலமான கார்டு வேண்டும்.

இரண்டாவது, எந்த கேமரா வீடியோ? செல்போனில் எடுத்த வீடியோவா, கல்யாணத்துக்கு எடுக்கும் மிரர்லெஸ் கேமராவா? பல மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற முறையில் நிறத் தகவலைக் கூடுதலாகச் சேர்த்துப் பதிவு செய்கின்றன. படம் அழகாக இருக்கும். ஆனால், எடிட்டிங்கில் கம்ப்யூட்டர் திணறும். இந்த ஒரு பதில்தான் பிராசஸரைத் தீர்மானிக்கப் போகிறது.

மூன்றாவது, எந்த மானிட்டர்? ஃபுல் ஹெச்டி மானிட்டரில் விளையாடுகிறவருக்கு 4கே அளவுக்கான கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக டிரெய்லர் வாங்குவது மாதிரி.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வழி

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சென்னை பஸ் ஏறினால், இருங்காட்டுக்கோட்டை, தண்டலம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு வரலாம். அங்கே மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஒரகடம் பக்கம் இருப்பவர்கள் தாம்பரம் வந்து மின்சார ரயிலில் எழும்பூர் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வழி கேட்பவர்கள் கேசினோ தியேட்டர் என்று கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், வார விடுமுறை ஞாயிறு என்றால் ஒரு நாள் லீவு போட்டுத்தான் வர வேண்டும்.

ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரி பாகங்களுக்குப் பேர் போன தெரு இது. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு என்றால் சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட். பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் மீரான் சாகிப் தெருவையும் சேர்த்துத்தான் மக்கள் இந்தப் பெயரில் சொல்கிறார்கள். குறுகலான தெரு, தலைக்கு மேல் தொங்கும் கேபிள்கள், நடுவில் கை வண்டி. தரைத்தளத்தில் சார்ஜரும் ஹெட்போனும் விற்கும் கடைகள். கேமிங் பாகங்கள் விற்கும் கடைகள் பல, மாடிப்படி ஏறிய பிறகுதான் கண்ணில் படும்.

முதல் கடையிலேயே பணம் கட்டிவிடக் கூடாது. மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து கொட்டேஷன் வாங்குவதுதான் இங்கே பழகியவர்கள் செய்வது. மொத்த விலையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரில் மாடல் எண்ணோடு விலை எழுதச் சொல்ல வேண்டும். ‘16 ஜிபி ரேம், 650 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்று மட்டும் எழுதிய தாள், எதை வேண்டுமானாலும் தரலாம் என்பதற்கான அனுமதி.

பாகம் பாகமாக…

பிராசஸர்: விளையாட்டு மட்டும் என்றால் ஏஎம்டி ரைசன் வரிசையில் ‘எக்ஸ்3டி’ என்று முடியும் மாடல்களுக்கு மவுசு அதிகம். சிப்போடு கூடுதல் கேஷ் நினைவகம் அடுக்கப்பட்டிருப்பதால் பல ஆட்டங்களில் அது கைகொடுக்கும். கல்யாண வீடியோவும் சேர்ந்தால் இன்டெல்லைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் ‘குவிக் சின்க்’ என்ற வசதி உண்டு. 11-வது தலைமுறையில் இருந்து அது 10 பிட் 4:2:2 ஹெச்.265 வீடியோவையும் சிரமமில்லாமல் விரித்துக் காட்டும்.

இங்கே ஒரே ஒரு எழுத்தில் கவனம் தேவை. 12400எஃப், 13400எஃப் என்று கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்த உள் கிராஃபிக்ஸ் அதில் வேலை செய்யாது. கேமிங் கொட்டேஷனில் விலையைக் குறைத்துக் காட்டப் பெரும்பாலும் எஃப் மாடலைத்தான் போடுவார்கள். விளையாட்டுக்கு அது போதும். எடிட்டிங் செய்கிறவர் அந்தச் சிறு லாபத்துக்காகக் குவிக் சின்க்கை இழந்துவிடுவார். ஏற்கெனவே எஃப் மாடல் வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். வீடியோவின் சிறிய நகலை வைத்து எடிட் செய்து, கடைசியில் ஒரிஜினலை மாற்றிக்கொள்ளும் ‘ப்ராக்ஸி’ முறை எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. செலவே இல்லை.

மதர்போர்டு: பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 ரேம் மட்டும். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. ஒன்றின் ரேம் இன்னொன்றில் நுழையாது. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இரண்டு வருடம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

கிராஃபிக்ஸ் கார்டு: விளையாட்டுக்கான கம்ப்யூட்டரில் அதிகப் பணம் விழுங்குவது இதுதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகள் விற்கப்படுகின்றன. ஃபுல் ஹெச்டி ஆட்டத்துக்கு 8 ஜிபியில் சமாளிக்கலாம். 4கே வீடியோவில் நிறம் திருத்துகிறவருக்கு, குறிப்பாக டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறவருக்கு, கார்டின் நினைவகம்தான் முதலில் தீர்ந்துபோகும். அவர்கள் 12 அல்லது 16 ஜிபி பக்கம் போவது நல்லது. 2025-ல் வந்த 50 வரிசை கார்டுகளில் 4:2:2 வீடியோவை விரிக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் வரிசைகளில் இது கிடையாது.

ரேம்: 2025 கடைசியில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் உலகம் முழுக்க நினைவக சிப்களை வாங்கிக் குவிப்பதுதான் காரணம். அமெரிக்காவில் எடுக்கும் முடிவு ஒரகடம் மேன்ஷன் அறையில் இருப்பவரின் பட்ஜெட்டை இடிக்கிறது. ஆட்டத்துக்கு 16 ஜிபி, எடிட்டிங்குக்கு 32 ஜிபி என்பது பொதுவான கணக்கு. இப்போது பணம் போதவில்லை என்றால் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்கலாம். ஒரே குச்சியாக 16 ஜிபி வாங்கினால் வேகம் குறையும்.

எஸ்எஸ்டி: இதற்கு வீட்டுக் கணக்கே போதும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடம் பிடிக்கும். ஒரு கல்யாணத்தில் இரண்டு கேமரா, ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் 540 ஜிபி. ஆக, 1 டிபி எஸ்எஸ்டியில் இரண்டு கல்யாணம்கூட முழுசாக அடங்காது. வேலை நடக்கும்போது என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்ததும் சேமிக்க ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வது சிக்கனம். ஆல்பம் கைக்குப் போகும் வரை இரண்டு இடத்தில் நகல் இருக்க வேண்டும். திரும்ப எடுக்க முடியாதது முகூர்த்தம்.

வெயில், புழுதி, கரண்ட்

வெளிநாட்டு யூடியூபர்கள் சொல்லாத மூன்று விஷயங்கள் ஸ்ரீபெரும்புதூரில் முக்கியம்.

கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறை எப்படிக் கொதிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் உள்ளே இழுக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய அழகான கேபினெட்டை விட, வலை முகப்பு உள்ளது நல்லது. லாரிகள் ஓயாமல் போகும் சாலை ஓரம் என்றால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்தாலே புழுதி பாதி குறையும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் பலர் காசை மிச்சம் பிடிப்பார்கள். அங்கே மிச்சம் பிடிக்கவே கூடாது. எல்லாப் பாகங்களுக்கும் சோறு போடுவது அதுதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அதிகபட்சம் 180 வாட் எடுக்கும். நடுத்தர பிராசஸரையும் சேர்த்தால் தரமான 650 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். ‘80 பிளஸ்’ பிரான்ஸ் அல்லது கோல்டு சான்றும், சில வருட வாரன்ட்டியும் இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஆட்டத்தின் நடுவிலோ, வீடியோ ஏற்றுமதி ஆகும்போதோ கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1 கேவிஏ அளவில் பார்ப்பது பாதுகாப்பு.

மின்கட்டணத்தையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 400 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தாண்டிவிடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் தனியாக வசூலிக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கடிக்கும்.

மலிவாகக் கிடைத்தால்…

தெருவில் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளும் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் ‘மைனிங்’ முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால், கண் முன்னே அரை மணி நேரம் கனமான ஆட்டத்தை ஓட்டிக் காட்டாமல் வாங்கக் கூடாது.

புதுப் பாகத்துக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி உண்டு. ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் ஆசைப்படக் கூடாது. வாரன்ட்டிக்கு ஆதாரமே அந்த பில்தான். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா, பெட்டியிலும் பாகத்திலும் அதே எண்தானா, இந்தியாவில் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்ததா என்று மூன்றையும் அங்கேயே பார்க்க வேண்டும்.

மென்பொருளுக்குத் திருட்டு நகல் போட்டுத் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடலாம். டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு உண்டு. திருட்டு நகலோடு வரும் வைரஸ் வாடிக்கையாளரின் கல்யாணத்தையே அழித்துவிட்டால் பதில் சொல்ல முடியாது.

முழுப் பெட்டியாகப் பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்குவதும் தப்பில்லை. ஒரே வாரன்ட்டி, ஒரே போன் நம்பர். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வசதியும் கிடைக்கலாம். ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், பல பிராண்டட் மாடல்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். பின்னால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில்

கடையிலேயே பூட்டித் தரச் சொன்னால் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நிற்பது நல்லது. ஆலையில் பெட்டி கட்டும் முன் ஓடவிட்டுப் பார்ப்பது போலவே இங்கேயும் செய்ய வேண்டும். பயாஸ் திரையில் முழு ரேமும் தெரிகிறதா? வாங்கிய வேகத்தில் ஓடுகிறதா? இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்காவிட்டால், வேகமான ரேமுக்குக் கொடுத்த காசு வீண். கையோடு ஒரு பென் டிரைவில் தன் கேமராவின் வீடியோ ஒன்றைக் கொண்டுபோயிருந்தால், அதையே ஓட்டிப் பார்த்துவிடலாம். அந்த வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடினால் தேர்வு சரி.

கோயம்பேட்டில் இருந்து திரும்பும் பயணத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கனமான கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டில் ஒரு சிறிய துளையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பூந்தமல்லி தாண்டி ஒவ்வொரு குழியிலும் பஸ் குலுங்கும்போது அந்தத் துளைதான் அடி வாங்கும். கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கேபினெட்டை, அது வந்த அட்டைப்பெட்டியில் தெர்மாகோலோடு திரும்ப வைத்து, சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிடுவது உத்தமம்.

அறைக்கு வந்ததும் கரண்ட் இணைப்பு இல்லாமல், கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, கார்டை மீண்டும் பொருத்தி இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஷிஃப்ட் இருந்தால் முதல் ஆட்டத்தை மட்டும் வார விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம்.